இந்த வருஷம் முகாமின் முறை

நைனா,

போனில் பேச ஆரம்பித்தால் "மீட்டிங்ல இருக்கேம்மா" என்கிறாய். நேரில் பேசலாம் என்றால் ஹெல்மெட்டை மாட்டிக்கொள்கிறாய். ஹெல்மெட்டுக்குள் இருப்பவனிடம் ஒரு தாய் எவ்வளவுதான் கத்துவாள்? அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். உன் அப்பா எட்டிப் பார்த்து, "இன்னாமே, கலெக்டருக்கு மனு எழுதிக்கினு கீறியா?" என்று கேட்டுவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனார். மனுதான், கலெக்டருக்கு இல்லை, உனக்கு. சத்துணவுக் கூடத்தில் இத்தனை வருஷம் கரண்டி பிடித்த கைக்குப் பேனா சரியாகப் பிடிபடவில்லை. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொண்டு முழுவதும் படி. நடுவில் விட்டாயானால் எனக்குத் தெரிந்துவிடும். நீ பாதிச் சோற்றில் எழுந்தாலே தெரிந்துகொள்பவள் நான்.

போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததிலிருந்தே தொடங்குகிறேன். நிரோஜாவும் அவள் அப்பா அருளப்புவும் அம்மா திரேசம்மாவும் கல்யாணத் தேதி பேச அகதி முகாமிலிருந்து நம் வீட்டுக்கு வந்தார்கள். வரதட்சணை என்ற பேச்சையே நீ எடுக்கவில்லை. அதில் எனக்கு ரொம்பப் பெருமை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீ லேப்டாப்பைத் திறந்து மாமல்லபுரத்தில் கடலைப் பார்த்த ஓட்டலின் புல்தரையைக் காட்டினாய். வட்ட மேசை, வெள்ளைத் துணி, பூ வளைவு எல்லாம் காட்டினாய். "மாமா, நீங்க ஒண்ணுமே செய்ய வேணாம். சாப்பாடு, வண்டி, டெகரேஷன் எல்லாம் என் பொறுப்பு. நீங்க வந்து உக்காந்தாப் போதும்" என்றாய். அருளப்பு காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். "கலியாணச் சாப்பாடு நாங்கள் தாறம் தம்பி. முகாமில பந்தல் போடுவம். எங்கட சனம் சமைக்கும்" என்றார். நீ சிரித்தாய். கெட்ட சிரிப்பு இல்லை, எனக்குத் தெரியும். பெரியவர் சுமையைத் தான் தூக்கிக்கொள்கிற பிள்ளையின் சிரிப்பு அது. "முகாம்லயா? எங்க ஆபீஸ்லேர்ந்து எல்லாரும் வராங்க மாமா. உங்களுக்கு எதுக்கு சிரமம்?" என்றாய்.

அதற்கப்புறம் அந்த மனுஷன் பேசியது ஒரே வாக்கியம். "அப்ப கலியாணத்தைக் கொஞ்சம் பிந்திப் பாப்பம் தம்பி." எழுந்தார், கும்பிட்டார், போய்விட்டார். காப்பி பாதி அப்படியே இருந்தது. வாசலில் நிரோஜா உன்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "கொடுக்க வந்தா இவ்ளோ ஈகோவாம்மா இவருக்கு?" என்று என்னிடம் எரிந்து விழுந்துவிட்டு, நீயும் பைக்கை உதைத்துக்கொண்டு படூரில் உன் புது வீட்டுக்குப் போய்விட்டாய். அன்றிலிருந்து அவள் உன் போனை எடுப்பதில்லை என்று உன் குரலிலேயே தெரிகிறது. என் போனை எடுக்கிறாள். அவள் என்ன சொன்னாள் என்பதைப் பின்னால் சொல்கிறேன். அதற்கு முன்னால் நீ மறந்துபோன ஒரு கதையை நான் சொல்லியாக வேண்டும். அதைக் கேட்காமல் அவள் சொன்னதைக் கேட்டால் உனக்குக் கோபம்தான் வரும்.

நம் மாதா கோயிலில் பொங்கல் கழிந்த ஞாயிறு நடக்கிற விழாவை, ஊரில் எல்லாரும் 'வந்தவங்க திருநாள்' என்று சொல்கிற அதை, நீ சின்ன வயதிலிருந்து பார்க்கிறாய். எப்படித் தொடங்கியது என்பது உனக்குத் தெரியாது. நீ ஐந்தாவது படித்தபோது நாகர்கோவில் பக்கத்திலிருந்து ஒரு சாமியார் மாற்றலாகி வந்தார். கடற்கரையோரப் புயல் காப்பகத்தையும் அதைச் சுற்றித் தகரம் போட்ட அறைகளையும் சேர்த்து முகாம் என்று ஆக்கி, இலங்கையிலிருந்து படகில் வந்த சனங்களை அங்கே குடிவைத்துச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. ஞாயிறு பூசைக்கு அவர்கள் வருவார்கள், கடைசி வரிசையில் நிற்பார்கள், நாங்கள் தலையைத் திருப்பிப் பார்ப்பதற்குள் போய்விடுவார்கள். ஒரு நாள் சாமியார் பிரசங்கத்தை நிறுத்திவிட்டு, "இங்கே வேறு ஊரிலிருந்து பிழைக்க வந்தவர்கள் எல்லாம் கையைத் தூக்குங்கள்" என்றார். மின் நிலையத்துக் குவார்ட்டர்ஸ்காரர்கள் தூக்கினார்கள், திருநெல்வேலி, தஞ்சாவூர், மதுரை என்று எல்லா ஊரும் அதில் இருந்தது. கல் பட்டறைப் பையன்கள் தூக்கினார்கள். கடைசி வரிசை முழுக்கத் தூக்கியது. சாமியாரும் தன் கையைத் தூக்கிக்கொண்டார். கை தூக்காமல் நின்றது நம்மைப் போல இருபது முப்பது பேர்தான். உன் அப்பா என் விலாவில் இடித்து, "ஏம்மே, மொத்தக் கோயில்லயும் நம்ம மட்டுந்தான் இந்த வூர்க்காரங்க போல கீது. அப்ப நம்மதான் சோறு போடணும்" என்றார்.

விளையாட்டுக்குச் சொன்னார். எனக்கு அது உள்ளே போய் உட்கார்ந்துவிட்டது. ஏன் என்று உனக்குப் புரிய வேண்டும் என்றால் என் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். செங்கல்பட்டுக்குக் கிழக்கே, ஏரிக்குக் கீழே, என் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் நட்டு அறுத்தவர்கள். உச்சி வெயிலில் ஆண்டை வீட்டுக் கொல்லைக்குப் போவார்கள். பனையோலையை மடித்துப் பட்டை கட்டி ஏந்திக்கொண்டு குனிந்து நிற்பார்கள். அந்த வீட்டு அம்மா எட்ட நின்று, உயரத்திலிருந்து கஞ்சியை ஊற்றுவார். குடித்து முடித்ததும் ஓலையை வேலிக்கு அந்தப் பக்கம் போட்டுவிட்டு வர வேண்டும். நானும் அப்படிக் குடித்திருக்கிறேன். பள்ளிக்கூடத்து ஆடை போட்டுக்கொண்டு ஒரு தரம் அப்படி நின்றது, கஞ்சி தெறித்துச் சட்டையில் விழுந்தது, எல்லாம் ஞாபகம் இருக்கிறது. அதனால்தான் சத்துணவு அமைப்பாளர் வேலை கிடைத்தபோது, கலெக்டர் வேலை கிடைத்ததுபோல நான் குதித்தது. ஊற்றுகிற பக்கத்துக்கு வந்துவிட்டேன் பார். அன்றைக்குப் பிடித்த கரண்டியை அதன் பிறகு யாரிடமும் கொடுக்க எனக்கு மனசு வந்ததில்லை. உன் அத்தைகளைக்கூட நான் பரிமாற விட்டதில்லை என்று உனக்கே தெரியும்.

ஆக, ஒரு சென்ட் நிலம் இல்லாதவளின் மகள் இந்த ஊருக்கே வீட்டுக்காரி ஆகிவிட்டாள். பொங்கல் கழிந்த ஞாயிறை வந்தவர்களுக்கான திருநாளாகச் சாமியார் அறிவித்தார், முதல் வருஷச் சாப்பாட்டுப் பொறுப்பு என்னுடையது. முகாம் சனத்துக்கு முன் வரிசையில் நாற்காலி, சந்தனம், பன்னீர், ஆளுக்கொரு துண்டு, பிரியாணி. 'எங்கள் விருந்தினரே வருக' என்று துணியில் எழுதிக் கட்டினோம். காலையிலேயே முகாம் பெண்கள் ஏழெட்டுப் பேர் வெங்காயம் உரிக்கலாம் என்று சமையல் கொட்டகைக்கு வந்தார்கள். நான் விடவில்லை. "யக்கா, இன்னிக்கு நீங்க விருந்தாளி. கரண்டியத் தொட்டீங்கன்னா எனக்குக் கெட்ட கோவம் வரும், ஆமா" என்று சிரித்துக்கொண்டே தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டுபோய் நாற்காலியில் உட்கார வைத்தேன். அவர்களில் ஒருத்தி ஒரு பெரிய பானையை வெள்ளைத் துணியால் வேடு கட்டித் தூக்கி வந்திருந்தாள். அவள்தான் திரேசம்மா. "எங்கட ஊர்க் கூழ் பிள்ளை. எல்லாருக்கும் எண்டு காய்ச்சினது" என்றாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அய்யோ, உங்களுக்கு எதுக்குக்கா சிரமம்?"

ஆமாம், போன ஞாயிறு நீ சொன்ன அதே வார்த்தை. என் வயிற்றில்தானே பிறந்தாய்.

பானையை வாங்கித் தாழ்வாரத்து மூலையில் வைத்தேன். பிரியாணி பரிமாறுகிற அமளியில் மறந்தே போனேன். எல்லாம் முடிந்து அவர்கள் கிளம்பும்போதுதான் கண்ணில் பட்டது. கொஞ்சம்கூடக் கூச்சப்படாமல், பெரிய மனசோடு, "இத நீங்களே எடுத்துகினு போங்கக்கா, பசங்க சாப்புடும்" என்று அந்தப் பானையைத் திரேசம்மா கையிலேயே திருப்பிக் கொடுத்தேன். கட்டின துணி கட்டினபடியே இருந்தது. அவள் வாங்கிக்கொண்டாள், சிரித்தாள்கூட. நான் வீட்டுக்கு வந்து, கால் நீட்டி உட்கார்ந்து, "அகதிங்களுக்கு இவ்ளோ மரியாத எந்த வூர்லயாச்சும் குடுப்பாங்களா?" என்று உன் அப்பாவிடம் பெருமை அடித்துக்கொண்டேன்.

அடுத்த வருஷம் திருநாள் அன்று முன் வரிசை நாற்காலி எல்லாம் காலி. பிரியாணி அண்டாவில் ஆவி பறக்கிறது, சாப்பிட ஆள் இல்லை. உன் அப்பா, அவர்களை ஏற்றி வர வைத்திருந்த பஸ்ஸை எடுத்துக்கொண்டு முகாமுக்குப் போய், ஒரே ஒரு ஆளோடு திரும்பி வந்தார். வந்தது அருளப்பு. அப்போது அவர் குவார்ட்டர்ஸ் வீடுகளுக்குப் பெயிண்ட் அடிக்கிற வேலைக்கு வந்துகொண்டிருந்தார், கையில் நீலப் பெயிண்ட் இன்னும் போகவில்லை. சாமியார் முன்னால் தலை குனிந்து நின்றவர், கடைசியில் என்னைப் பார்த்துத்தான் பேசினார். "குறை விளங்காதையுங்கோ அம்மா. கோப்பையோட வரிசையில நிண்டு வாங்கித் தின்னுறது எங்களுக்கு வந்த நாளில இருந்தே இருக்கு. அரிசிக்கு நிக்கிறம், பாலுக்கு நிக்கிறம், மண்ணெண்ணெய்க்கு நிக்கிறம். திருநாளிலயும் வாங்கிற ஆக்களாத்தான் இருக்க வேணுமோ? என்ர மனிசி காய்ச்சின கூழை ஒருத்தரும் வாயில வைக்கயில்லை. அண்டைக்கு ராவு அவள் அதைக் கடற்கரையில கொண்டுபோய் ஊத்தினவள்."

எனக்கு உடனே அழுகை வந்திருக்கும் என்று நினைக்காதே. எனக்கு வந்தது ஆத்திரம். சோறு போட்டது குற்றமா என்று கொட்டகைக்குள் போய்ப் பாத்திரங்களை உருட்டினேன். இரண்டு நாள் வீட்டில் யாரோடும் பேசவில்லை. நீ ஹோம்வொர்க் நோட்டை நீட்டினாய், உன்னையும் கத்தினேன். உன் அப்பாதான் மூன்றாம் நாள் பல் குத்திக்கொண்டே சொன்னார். "இன்னாத்துக்கு இப்பிடி மூஞ்சத் தூக்கி வெச்சிகினு கீற? அந்தாளு சோறு வாணாம்னா சொன்னான்? அவன் வூட்டுல நீ துன்னலன்னுதான சொல்றான்? போயித் துன்னுட்டு வந்தா முடிஞ்சிபோச்சி." இவ்வளவுதானா விஷயம் என்பதுபோலக் கேட்டார். எனக்கு இரண்டு நாளாக எட்டாதது அந்த மனுஷனுக்குப் பல் குத்துகிற நேரத்தில் எட்டிவிட்டது. இதை அவரிடம் நான் ஒப்புக்கொண்டதில்லை, நீயும் சொல்லித் தொலைக்காதே.

சாமியாரிடம் போய்ச் சொன்னேன். அடுத்த ஞாயிறே பஸ் எதிர்த் திசையில் ஓடியது. நாங்கள் முகாமுக்கு விருந்தாளிகளாகப் போனோம். என் கைக்கு வேலை இல்லை. அது எவ்வளவு பெரிய தண்டனை என்று உனக்குப் புரியாது. புயல் காப்பகத்துக்குப் பின்னால், பனைகளுக்கு நடுவில் மூன்று கல் அடுப்பில் பெரிய சட்டி ஏற்றியிருந்தார்கள். நம் கரையோரத்துப் பனங்கிழங்கையே தோண்டிக் காயவைத்து இடித்து அந்த மாவைத் தயார் செய்திருந்தார்கள். ஒடியல் மா என்றார்கள். நண்டு, இறால், மீன், பலாக்கொட்டை, பயற்றங்காய், மரவள்ளிக்கிழங்கு, புளி, அரைத்த மிளகாய் எல்லாம் அதற்குள் கொதித்துக்கொண்டிருந்தது. வாசனை பஸ் நிற்கிற இடம் வரைக்கும் வந்தது. எல்லாரும் மண்ணில் சுற்றி உட்கார்ந்தோம். திரேசம்மா ஆளுக்கொன்றாகக் கையில் கொடுத்துக்கொண்டே வந்தாள். என் முறை வந்தது. அவள் நீட்டியது பனையோலையை மடித்துக் கட்டின ஒரு பட்டை. அவர்கள் அதைப் பிளா என்கிறார்கள்.

என் கை மேலே எழும்பவில்லை நைனா. சத்தியமாகச் சொல்கிறேன், எழும்பவில்லை. கொல்லையும் வேலியும் என் அப்பாவின் குனிந்த முதுகும் கண்ணுக்கு முன்னால் வந்துவிட்டன. இந்த ஓலையிலிருந்து தப்பித்துத்தானே இத்தனை தூரம் ஓடி வந்தேன், மறுபடி இதையா என் கையில் கொடுக்கிறீர்கள் என்று கையை மடியிலேயே வைத்துக்கொண்டேன். திரேசம்மாவுக்கு அது எப்படித் தெரியும்? முதலில் பானையைத் திருப்பிக் கொடுத்தவள் இப்போது கையைக்கூட நீட்ட மாட்டேன் என்கிறாள் என்றுதான் அவளுக்குத் தெரிந்தது. அவள் முகம் விழுந்துவிட்டது. என்னைச் சுற்றி இருந்த நம் ஆட்களும் மரியாதை பண்ணுகிறோம் என்று நினைத்துக்கொண்டு, பாவம் இவர்களே ஒன்றும் இல்லாதவர்கள், நாம் வேறு காலி பண்ணக் கூடாது என்று, பிளாவின் மேல் கையை வைத்து மூடிக்கொண்டு "போதும் போதும், கொஞ்சமா ஊத்துங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். முகாம் சனம் முழுவதும் எங்கள் கைகளையே பார்த்தது.

அப்போது உன் அப்பா ஒரு காரியம் செய்தார். தன் பிளாவை ஒரே மூச்சில் குடித்து முடித்தார். மூக்கில் தண்ணீர், கண்ணில் தண்ணீர். புறங்கையால் துடைத்துக்கொண்டு, காலி ஓலையைத் திரேசம்மா பக்கம் நீட்டி, அந்தக் கூட்டத்துக்கே கேட்கிற குரலில், "யக்கா, இன்னாக்கா இவ்ளோ கஞ்சத்தனமா ஊத்துற? இன்னும் கொஞ்சம் ஊத்து!" என்றார். எனக்கு மானம் போனது. முழங்கையால் இடித்தேன். ஆனால் திரேசம்மா சிரித்தாள் பார், அந்த மாதிரி ஒரு சிரிப்பை அதற்கு முன்னால் அவளிடம் நான் பார்த்ததில்லை. ஓடிப்போய் முழு அகப்பை மொண்டு வந்து ஊற்றினாள். "காணுமோ அண்ணை?" என்று கேட்டாள். போதுமா என்பதை அவர்கள் அப்படித்தான் கேட்பார்கள், போதாது என்றால் காணாது. "காணாது!" என்று பக்கத்தில் இருந்த முகாம் பிள்ளைகள் அவருக்குச் சொல்லிக் கொடுத்துக் கத்தினார்கள். உன் அப்பாவும் "காணாது!" என்று கத்தினார். அருளப்பு எனக்கு எதிரே உட்கார்ந்து அதே ஓலையில்தான் குடித்துக்கொண்டிருந்தார். சாமியாரும் அதே ஓலையில்தான். யாரும் எட்ட நின்று ஊற்றவில்லை. திரேசம்மா என் முன்னால் மண்டி போட்டு உட்கார்ந்துதான் நீட்டினாள், அதை நான் அப்போதுதான் பார்த்தேன். வாங்கிக் குடித்தேன். காரத்தில் கண் கலங்கியது என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள், நல்லதாகப் போயிற்று.

நீயா? நீ ஒரு வாய் குடித்துவிட்டு எரியுது எரியுது என்று ஊரைக் கூட்டினாய். இரட்டைப் பின்னல் போட்ட ஒரு சின்னப் பெண் எழுந்து உள்ளே ஓடி, ஒரு துண்டு பனங்கட்டி கொண்டுவந்து உன் வாயில் திணித்தாள். அது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பின்னாளில் கோயில் பாட்டுக் குழுவில்தான் அவளை முதலில் பார்த்ததாக நீ எல்லாரிடமும் கதை விடுகிறாய். அதற்கு எத்தனையோ வருஷம் முன்னால் அவள் உனக்குக் கொடுத்துவிட்டாள். நீ அழுதுகொண்டே வாங்கித் தின்றாய். உனக்கு எதுக்கு சிரமம் என்று நீ அப்போது கேட்கவில்லை.

அன்றைக்கே முடிவானதுதான் இந்த முறை. ஒரு வருஷம் திருநாள் கோயிலில், எங்கள் சோறு. அடுத்த வருஷம் முகாமில், அவர்கள் கூழ். இன்றுவரை மாறவில்லை. நாங்கள் அங்கே போகும்போது வெங்காயம்கூட உரிக்கக் கூடாது, அவர்கள் இங்கே வரும்போதும் அப்படித்தான். கடல் ஊருக்குள் வந்த அந்த மார்கழியில் மட்டும் முறை எல்லாம் கலைந்துபோனது. நம் வீட்டுக்குள் முழங்கால் அளவு சேறு, மாற்றுத் துணிகூட இல்லை. நீ சென்னையில் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தாய், பஸ் கிடைக்காமல் இரண்டு நாள் கழித்துத்தான் வந்தாய். அந்த இரண்டு நாளும் மேட்டுப் பள்ளிக்கூடத்தில் நான் தட்டோடு வரிசையில் நின்றேன். முன்னால் நின்றவர் நகர நகர நானும் நகர்ந்தேன். என் தட்டில் சோறு போட்டது திரேசம்மா. முகாமில் பாதி இடிந்துபோயிருந்தது, ஆனாலும் அவர்கள்தான் முதலில் அடுப்பு மூட்டினார்கள். அவள் என்னிடம் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. "காணுமோ பிள்ளை?" என்று மட்டும் கேட்டாள். தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோதுதான், அருளப்பு அன்றைக்கு எதைச் சொன்னார் என்பது எனக்கு முழுதாகப் புரிந்தது.

இப்போது நிரோஜா சொன்னதைச் சொல்கிறேன். நேற்று அவளுக்குப் போன் போட்டு, "இன்னாமா, எம் பையன் மேல இன்னும் கோவமா?" என்றேன். கோபம் இல்லை என்றாள். பிறகு, "மாமி, அவர் நல்லவர். அதுதான் எனக்குப் பயமாக் கிடக்கு. வீடு அவர் வாங்கினது, கலியாணம் அவர் செய்யிறது, சாப்பாடு அவர் போடுறது. காலம் முழுக்க நான் நன்றி சொல்லிக்கொண்டே சீவிக்க ஏலாது மாமி" என்றாள். அழுதாளா என்று தெரியவில்லை. நான் அழுதேன். அவள் குறை சொல்லவில்லை என்பதுதான் என்னை உலுக்கியது. நீ கெட்டவனாக இருந்திருந்தால் சண்டை போட்டுத் தீர்த்துவிடலாம், நீ நல்லவனாக இருப்பதால் அவளுக்குச் சண்டை போடவும் வழி இல்லை.

உன் மனசு எனக்குத் தெரியாதா? அவளைத் தகர வீட்டிலிருந்து தூக்கிக்கொண்டு போய்ப் படூரில் லிப்ட் வைத்த வீட்டில் வைக்க வேண்டும், அவள் அப்பா இனி ஏணியில் ஏறக் கூடாது என்றெல்லாம் நீ ஆசைப்படுகிறாய். எல்லாம் பிரியம்தான். ஆனால் போன மாதம் அருளப்பு, "உங்கட புது வீட்டுக்கு நான் பெயிண்ட் அடிச்சுத் தாறன் தம்பி" என்று கேட்டபோது, "கம்பெனிக்காரங்க அடிச்சிட்டாங்க மாமா, நீங்க ரெஸ்ட் எடுங்க" என்றாய். திரேசம்மா உனக்கு என்று மீன் கருவாடு கட்டிக் கொடுத்தபோது, "பிரிட்ஜ் நாறும் அத்தை" என்று சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்தாய். இப்போது கல்யாணச் சாப்பாடு. நான் ஒரே ஒரு பானையைத்தான் திருப்பிக் கொடுத்தேன். நீ என்னையும் மிஞ்சிவிட்டாய். அந்த மனுஷன் வீட்டை விட்டு வந்தவர், படகை விட்டு வந்தவர், அங்கே மறுபடி சண்டை என்பதால் திரும்பிப் போகவும் முடியாதவர். அவரிடம் கொடுக்க மிச்சம் இருப்பது அவர் கைவேலையும் ஒரு வேளைச் சோறும்தான். அதையும் வேண்டாம் என்றால் அவர் எதை வைத்துக்கொண்டு தன் பெண்ணை உன் கையில் கொடுப்பார், நீயே சொல். ஒரு வேளை சோறு போடாமல் மகளை அனுப்பிவைக்க எந்த அப்பனுக்குத்தான் மனசு வரும்?

உன் ஆபீஸ்காரர்களைப் பற்றிக் கவலைப்படுகிறாய். நாவலூரில் உன்னோடு உட்கார்ந்து வேலை பார்க்கிறவர்கள் எல்லாம் எங்கிருந்து வந்தவர்கள்? ஒருத்தன் ஆந்திரா, ஒருத்தி கோயம்புத்தூர், உன் மேனேஜர் ஏதோ ஒரிசா பக்கம் என்று நீதானே சொன்னாய். எல்லாரும் வந்தவர்கள்தான். பனைக்கு நடுவில் மண்ணில் உட்கார வைத்துக் கையில் சுடச்சுடக் கொடுத்தால் அவர்கள் ஓட மாட்டார்கள். ஓடினால் ஓடட்டும், நமக்குக் கூழ் மிச்சம். பூ வளைவு வேண்டும் என்றால் கோயில் வாசலில் கட்டிக்கொள், நான் தடுக்கவில்லை. புதுப் புடவை நானும் கட்டிக்கொள்கிறேன்.

அப்புறம் ஒன்று. கல்யாணத்துக்குப் பிறகும் இதை மறக்காதே. அவள் தன் வீட்டிலிருந்து நசுங்கிய சட்டி ஒன்றைக் கொண்டுவந்தால், நம்மிடம் நல்லது இருக்கிறதே என்று சொல்லாமல் அதில் ஒரு நாளாவது சமைக்க விடு. சம்பளம் வாங்கினால் அவளும் உனக்குச் சட்டை எடுக்கட்டும், நிறம் பிடிக்காவிட்டாலும் போட்டுக்கொண்டு ஆபீஸ் போ. சண்டை வந்தால் "உனக்காக நான் எவ்வளவு செய்தேன்" என்று மட்டும் வாயைத் திறக்காதே. உன் அப்பா என்னிடம் எத்தனையோ கத்தியிருக்கிறார், அந்த ஒன்றை மட்டும் சொன்னதில்லை. அவர் செய்தது ஒன்றும் இல்லை என்பதாலும் இருக்கலாம்.

வருகிற ஞாயிறு வந்தவங்க திருநாள். இந்த வருஷம் முகாமின் முறை. நீ மூன்று வருஷமாக வேலை வேலை என்று வரவில்லை. இந்தத் தரம் வா. உள் சாலையிலேயே சுற்றி வராமல் கேளம்பாக்கத்தில் திரும்பிக் கோவளம் வழியாக ஈ.சி.ஆர். பிடித்தால் பூசை முடிவதற்குள் வந்துவிடலாம். கல்யாணப் பேச்சை எடுக்காதே, மன்னிப்பு அது இது என்று ஆரம்பித்து அந்தப் பெரியவரைக் கூச வைக்காதே, கையில் எதையும் வாங்கிக்கொண்டும் வராதே. ஸ்வீட் பாக்ஸ்கூட வேண்டாம், வெறுங்கையோடு வா. முகாமில் ஆண்கள் வரிசைக்குக் கூழ் ஊற்றுவது இப்போதெல்லாம் அருளப்புதான். நான் பக்கத்து வரிசையில் இருப்பேன், ஆனால் உனக்குத் துணைக்கு வர மாட்டேன், காரம் தாங்காவிட்டால் பனங்கட்டியும் நான் எடுத்து வர மாட்டேன். அதை யாரிடம் கேட்க வேண்டுமோ அவளிடமே கேட்டு வாங்கிக்கொள்.

மண்ணில் உட்கார். இரண்டு கையாலும் ஓலையை நீட்டு. முழுவதும் குடி. அவர் உன் முன்னால் வந்து நின்று, உன் முகத்தைப் பார்க்காமல் அகப்பையைப் பார்த்துக்கொண்டு, "காணுமோ தம்பி?" என்று கேட்பார்.

காணாது மாமா என்று சொல்.

அம்மா